மூலையைப் பிடித்து இழுத்துப் பாருங்கள்
கணினியில் பொருட்களை வடிவமைக்கும் கேட் (CAD) மென்பொருளில் ஸ்கெட்ச் வரைந்ததும் அளவு போட அவசரப்படாதீர்கள். கிடைமட்டம், செங்குத்து, இணை, தொடுகோடு போன்ற வடிவக் கட்டுப்பாடுகள் (கோடுகள் எப்படி நிற்க வேண்டும் என்ற நிபந்தனைகள்) முதலில், அளவெல்லாம் அப்புறம்.

ஃப்ரீகேட் என்ற கேட் மென்பொருளில் ஒரு செவ்வகம் வரைந்தால் அதற்கு 4 விதமாக நகர இடம் இருக்கும்: நீளம், அகலம், அப்புறம் இருக்கும் இடத்துக்கு இரண்டு. எதிரெதிர் மூலைகள் இரண்டையும் தேர்ந்தெடுத்து, கடைசியாக ஆதிப்புள்ளியையும் தேர்ந்து சமச்சீர் கட்டுப்பாடு கொடுங்கள். அந்த நான்கில் இடத்துக்கான இரண்டும் ஒரே அடியில் போய்விடும். மீதிக்கு நீளமும் அகலமும் போதும், எல்லாம் கட்டுப்பட்டுவிட்டதற்கு அடையாளமாகக் கோடுகள் பச்சையாகிவிடும். சாலிட்வொர்க்ஸ் என்ற இன்னொரு கேட் மென்பொருளில் இதே நிலையில் கறுப்பு. பிறகு அகலத்தை எத்தனை முறை மாற்றினாலும் மையம் அசையாது.

எது இன்னும் கட்டுப்படவில்லை என்று தெரியாவிட்டால் மவுஸால் ஒரு மூலையை இழுங்கள். ஆடுவது எதுவோ அதுதான்.