காரிடார் சீலிங்கும் தீக்குச்சி சோதனையும்

கட்டட வேலைக்குப் புதிதாக வருபவர்கள், காரிடார் சீலிங்கின் தீப்பாதுகாப்பு விஷயத்தில் முன்னால் வந்தவர்கள் செய்த அதே பிழைகளைத்தான் திரும்பச் செய்கிறார்கள். வெளியேறும் வழியில் சாமான் அடுக்குவது போன்றவை எல்லோருக்கும் தெரிந்தவை, அவற்றை விட்டுவிடலாம்.

தீக்குச்சி வைத்துப் பார்ப்பது

விற்க வந்தவர்கள் சீலிங் பேனல் துண்டை மேசையில் வைத்து, தீக்குச்சியையோ லைட்டரையோ காட்டுவார்கள். லைட்டரை எடுத்ததும் தீ அணையும். "பாருங்க சார், தானா அணைஞ்சிடுச்சு." உடனே கையெழுத்து. இன்றுவரை எரிச்சலூட்டும் காட்சி இதுதான்.

லைட்டர் சுடுவது காசு அளவு இடத்தை. சுற்றியுள்ள குளிர்ந்த பகுதி அந்தச் சூட்டை இழுத்துக்கொள்கிறது. அணைவதில் என்ன வியப்பு? காரிடாரில் நடப்பதே வேறு. திறந்த வெளியில் மேலெழும் தீ நாலாபுறமும் காற்றை இழுக்கும். சீலிங்கில் முட்டி மடங்கிய தீக்குக் கீழிருந்துதான் காற்று; அதுவும் சுலபமாகக் கலக்காது, ஏனென்றால் லேசான சூடான வாயு மேலேயும் கனமான குளிர்காற்று கீழேயும் படிந்து நிற்கின்றன. எரியாத வாயு காற்றைத் தேடி ஓடிக்கொண்டே எரிகிறது, தீ நாக்கு நீள்கிறது. பெரிய கூடத்தில் அது வட்டமாகப் பரவும். காரிடாரில் இரண்டே திசை. முட்டுச்சந்தாக இருந்தால் ஒன்றே. தீ வந்து சேருமுன்பே பேனல் நெடுகச் சூடேறிவிடும்.

இடத்தின் வடிவம் தீயை என்ன செய்யும் என்பதற்கு லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையம் சாட்சி. 1987 நவம்பர் 18 மாலை, மர எஸ்கலேட்டரில் பிடித்த தீ முதலில் ஓர் அட்டைப்பெட்டி எரியும் அளவில்தான் தெரிந்தது. 30 பாகைச் சரிவில், இருபக்கப் பலகைகளுக்கு நடுவே அந்தத் தீ படுத்துக்கொண்டு படிகளை ஒட்டியே ஏறியது. 7.45 மணிக்கு டிக்கெட் கூடம் முழுக்கத் தீ. 31 பேர் இறந்தார்கள்.

எனவே சோதனை அறிக்கையைக் கேளுங்கள். ஸ்டைனர் சுரங்கச் சோதனையில் 24 அடி நீள மாதிரியைச் சுரங்கத்தின் மேற்பக்கத்தில் பொருத்தி 10 நிமிடம் எரிப்பார்கள். தீ எவ்வளவு பரவுகிறது என்பதற்கு ஓர் எண் தருவார்கள்: சிமென்ட் போர்டுக்கு 0, சிவப்பு ஓக் மரத்துக்கு 100. முதல் வகுப்புக்கு 25க்கு மேல் போகக்கூடாது.

சோதனை எண் ஒன்றையே நம்புவது

தெர்மோகோல் போல உருகிச் சொட்டுபவை சுரங்கத்தின் தரையில் விழுந்துவிடுவதால், எண் பொய்யாகக் குறைந்து வரலாம். அவற்றுக்கு ஐ.எஸ்.ஓ. 9705 அறை மூலைச் சோதனை அறிக்கை வேண்டும்: அறை மூலையில் பர்னரை வைத்து 100 கிலோவாட்டில் 10 நிமிடம், பிறகு 300 கிலோவாட்டில் 10 நிமிடம்.

ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே பார்க்காதது

கீழே தீக்கதவு (தீயைத் தடுக்கும் கதவு) சாத்தியிருக்கும். மேலே சுவர் பாதியில் நின்றிருக்கும். தீ அந்த வழியாகப் போகும். சுவரை ஸ்லாப் வரை கட்டுங்கள், கேபிள் ஓட்டைகளைத் தீத்தடுப்புப் பூச்சால் அடையுங்கள்.

பெயின்ட் மேல் பெயின்ட்

பழையதைச் சுரண்டிய பிறகே புதியதை அடியுங்கள்.

தீக்கதவுக்கு முட்டு

செங்கல், தண்ணீர் கேன், எதுவும் கூடாது.

தீ நாக்கைப் பார்த்த பிறகும் நிற்பது

சீலிங் அடியில் வாயு 600 டிகிரி செல்சியஸை நெருங்கினால், மேலிருந்து வரும் கதிர்வீச்சில் தரையில் உள்ள பொருள்களும் பற்றும். அங்கே கையடக்கத் தீயணைப்பான் உதவாது. குனிந்து வெளியேறுங்கள், கதவைச் சாத்துங்கள்.