விளிம்புச் சட்டமில்லாத மீன்தொட்டிக்கு நீரோட்டக் கருவி தேர்ந்தெடுத்த அனுபவம்

என்னுடைய தொட்டி 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 36 செ.மீ. உயரம் கொண்டது; விளிம்பு வரை நிரப்பினால் சுமார் 65 லிட்டர் பிடிக்கும். மேல் சட்டம் இல்லாததால், முன்கண்ணாடியில் மோதி எழும் அலையைத் தடுக்க எதுவுமில்லை; வடிகட்டியின் நீர் நேராக முன்னோக்கிப் பாய்ந்தபோது விளிம்பைத் தாண்டிச் சிந்திய நீர் மரத் தாங்கியை நனைத்துக்கொண்டே இருந்தது.

நீர்மட்டத்தை விளிம்பிலிருந்து 5 செ.மீ. கீழே நிறுத்தினேன். ஒற்றை முனைக்குப் பதிலாக வரிசைத் துளைகள் உள்ள குழாயைப் பொருத்தி, அதன் துளைகளைப் பின்கண்ணாடியை நோக்கித் திருப்பியதும் ஓட்டம் பரவலாகி, நியான் டெட்ரா என்னும் சிறு மீன்கள் எதிர்நீச்சல் போடாமல் நிதானமாக உலவத் தொடங்கின. வடிகட்டியின் ஓட்டம் மணிக்கு 400 லிட்டர் என்று பெட்டியில் அச்சிட்டிருந்தாலும், உள்ளே பஞ்சும் வடிகட்டும் பொருள்களும் நிறைந்தபின் ஓட்டம் அதைவிடக் குறையும். ஆகவே அந்த அளவு இத்தொட்டிக்கு அதிகமில்லை.

உறிஞ்சு குழாயின் முனையில் பஞ்சு உறை போட்டதால் இறால் குஞ்சுகள் தப்புகின்றன. தொட்டிக்கு வெளியே உள்ள குழாய் கழன்றால், நிரம்பிய குழாய் வழியே நீர் தானாகக் கீழிறங்கும் சைஃபன் விசையால் தொட்டியே வடிந்துவிடக்கூடும் என்பதால், உறிஞ்சு குழாயில் நீர்மட்டத்துக்கு 3 செ.மீ. கீழே சிறு துளை இட்டேன். மட்டம் அங்கு இறங்கியதும் காற்று புகுந்து ஓட்டம் நின்றுவிடும். ஆவியாதலால் மட்டம் குறையாதபடி அவ்வப்போது நீர் ஊற்ற வேண்டும்.

கண்ணாடியில் மாட்டும் கொக்கிகளுக்கு அடியில் ரப்பர் பட்டை அவசியம், ஏனெனில் சட்டமில்லாத விளிம்பு ஒரே புள்ளியில் விழும் அழுத்தத்தைத் தாங்காது. கம்பி வழியே நீர் பிளக்கிற்குள் வழியாதபடி, மின்கம்பியைப் பிளக்கிற்குக் கீழே தொங்கும்படி வளைத்துவிட்டு, 30 மில்லிஆம்பியர் கசிவு மின்துண்டிப்பானுடன் இணைத்திருக்கிறேன். இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது.