பிரெஞ்சு இயந்திரக் கையேட்டைச் சீன மொழியில் மொழிபெயர்க்க ஆள் தேடுகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

பிரெஞ்சில் 'ஆர்ப்ர்' என்றால் மரம். கியர்பாக்ஸ் கையேட்டில் அதுவே சுழல்தண்டு. இதை அகராதியே சொல்லிவிடும். 'மோத்தேர்' அப்படியல்ல. டீசல் எஞ்சினுக்கும் மின்மோட்டாருக்கும் பிரெஞ்சில் அந்த ஒரே சொல்தான். சீனத்தில் முன்னது 'ஃபாதோங்ஜி', பின்னது 'தியென்தோங்ஜி'. எது என்பதை வரைபடத்தைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய முடியும். வரைபடம் படிக்கத் தெரியாதவரிடம், இரண்டு மொழியும் தெரியும் என்பதற்காக மட்டும் வேலையைக் கொடுப்பதுதான் முதல் தவறு.

நேரடியாகச் செய்ய ஆள் கிடைக்காதபோது ஆங்கிலம் வழியாகச் சுற்றிப் போகிறார்கள். பிரெஞ்சு இயந்திரவியலில் கறாராகச் சொன்னால், 'பூலோன்' என்பது திருகும் நட்டும் சேர்ந்த ஜோடி. ஆங்கிலத்தில் அது 'போல்ட்' ஆகும்போதே நட்டு விழுந்துவிடுகிறது. சீன உதிரிபாகப் பட்டியலில் அது திரும்பி வராது.

'சீனம்' என்று மட்டும் சொல்லி ஆள் தேடுவதும் தவறுதான். சீனப் பெருநிலத்தில் எளிய வடிவ எழுத்து, தைவானில் மரபு வடிவ எழுத்து. எழுத்தை மென்பொருளால் மாற்றிவிடலாம், கலைச்சொல்லை அப்படி மாற்ற முடியாது. மென்பொருள் என்ற சொல்லே பெருநிலத்தில் 'ருவான்ஜியென்', தைவானில் 'ருவான்தி'. இயந்திரம் எங்கே ஓடப்போகிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மாதிரிப் பக்கம் கேட்பவர்கள் பெரும்பாலும் முன்னுரையைக் கொடுத்துவிடுகிறார்கள். அதில் எவரும் தேறிவிடுவார். அளவுகள் நிறைந்த, சிக்கலான பக்கத்தைக் கொடுங்கள். அதற்குக் கூலியும் கொடுங்கள். பிரெஞ்சில் தசமத்துக்குக் காற்புள்ளிதான். 12,500 மி.மீ. என்றால் பன்னிரண்டரை மில்லிமீட்டர். எண்தானே என்று அப்படியே விட்டால் சீனத் தொழிலாளி அதைப் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு என்று படிப்பார். நிறை சரிபார்ப்பு பற்றிய ஒரு வரியும் அந்தப் பக்கத்தில் இருக்கட்டும். பெருநிலச் சீனத்தில் 'ஜிலியாங்' என்ற சொல் நிறையையும் குறிக்கும், தரத்தையும் குறிக்கும். கவனமில்லாமல் எழுதினால் நிறை சரிபார்ப்பு தரச் சோதனையாகிவிடும். நல்ல மொழிபெயர்ப்பாளர் அந்த இடத்தில் நின்று குழப்பத்தைத் தீர்த்துவிட்டுத்தான் நகர்வார். மாதிரியை மதிப்பிட வேண்டியவர் சீனம் தாய்மொழியான பொறியாளர். சீனம் படித்த நண்பர் போதாது.

தேடும் இடம் முக்கியம். பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளர் சங்கமான எஸ்எஃப்டி-யின் உறுப்பினர் பட்டியலைப் பாருங்கள். சீனாவின் தேசிய மொழிபெயர்ப்புத் தேர்வான கேட்டி-யில் பிரெஞ்சும் உண்டு. ஆனால் சான்றிதழ் மொழித்திறனுக்குத்தான், எந்திர அறிவுக்கு அல்ல. நிறுவனத்திடம் கொடுப்பதானால், 2015-இல் வந்த, மொழிபெயர்ப்புச் சேவைக்கான ஐஎஸ்ஓ 17100 தரநிலைப்படி இன்னொருவர் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்துகிறாரா என்று கேளுங்கள். செலவைக் குறைக்கும்போது முதலில் வெட்டப்படுவது அந்தத் திருத்தம்தான்.

கடைசியாக ஒன்று: வரைபடங்களையும் பழைய மொழிபெயர்ப்புகளையும் கொடுக்காமல் வெறும் உரையை அனுப்பாதீர்கள். வேலை தொடங்கி சில நாளாகியும் ஒரு கேள்விகூட வரவில்லையா? உடனே முடித்த பக்கங்களை வாங்கி, ஒரு பொறியாளரிடம் காட்டுங்கள்.