நெஞ்செரிச்சல் மாத்திரையும் பழமும்: வழக்கமாகச் செய்யும் தவறுகள்

நெஞ்செரிச்சலுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் "ஆரஞ்சு சாப்பிடலாமா?" என்று தயங்காமல் கேட்பார்கள். "முலாம்பழம் சாப்பிடலாமா?" என்று யாரும் கேட்பதில்லை. புளிப்பில்லாத பழம், வயிற்றுக்குக் குளிர்ச்சி, அதில் என்ன வந்துவிடப் போகிறது என்ற எண்ணம்தான். ஆனால் இந்த மாத்திரை சாப்பிடும் நாட்களில் கூடுதல் கவனம் கேட்பது முலாம்பழம், தர்பூசணி, பப்பாளி வகையறாதான்.

வயிற்று அமிலம் உணவைச் செரிக்க உதவுவதோடு, வாய்வழியே உள்ளே போகும் கிருமிகளையும் கொல்கிறது. ஒமிப்ரசோல், பேன்டோபிரசோல், ரேபிப்ரசோல் போன்ற மாத்திரைகள் அந்த அமிலத்தைக் குறைக்கும்போது காவலும் தளர்கிறது. அதனால்தான் இவற்றைச் சாப்பிடுவோருக்கு சால்மோனெல்லா, கேம்பைலோபேக்டர் போன்ற குடல் தொற்றுகளின் அபாயம் சற்றுக் கூடுகிறது. முலாம்பழச் சதையின் பி.எச். அளவு (புளிப்பைக் காட்டும் எண், 7-ஐ நெருங்க நெருங்கப் புளிப்பு குறையும்) 6-ஐ ஒட்டியது. இனிப்பு, ஈரம், அமிலமில்லாமை என்று கிருமி பெருகத் தேவையான எல்லாமே அதில் உண்டு. சொரசொரப்பான தோலின் இடுக்குகளில் மண்ணும் கிருமியும் ஒளிந்திருக்கும். கத்தி அந்தத் தோலைத் தாண்டித்தான் சதைக்குள் இறங்குகிறது. "தோலைத் தூக்கித்தானே எறியப் போகிறோம்" என்று கழுவாமல் வெட்டுவதுதான் முதல் தவறு.

வெட்டுவதற்கு முன் முழுப் பழத்தையும் ஓடும் நீரில் பிடித்து, சுத்தமான பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, துணியால் ஈரம் போகத் துடையுங்கள். சோப்பு வேண்டாம், பழம் அதை உறிஞ்சிக்கொள்ளும். வெட்டிய துண்டுகளை 4 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கும் குறைவான குளிரில் வையுங்கள். வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் இருந்ததைச் சாப்பிடாதீர்கள். வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான் கணக்கு. எப்போது வெட்டியது என்று தெரியாத பழத்துண்டுகளையும், பாஸ்ச்சரைஸ் செய்யாமல் (சூடாக்கிக் கிருமி நீக்காமல்) விற்கும் ஜூஸையும் மாத்திரை நிற்கும்வரை ஒதுக்கிவைப்பது நல்லது.

அடுத்த தவறு நேரத்தில். பழத்தை வெறும் வயிற்றில்தான் சாப்பிட வேண்டும் என்று நம்புகிறவர்கள் எழுந்ததும் மாத்திரையை விழுங்கி, கையோடு ஒரு கிண்ணம் பழத்தையும் முடித்துவிடுவார்கள். மாத்திரை ரத்தத்தில் கலந்து அமிலச் சுரப்பிகளை எட்ட அவகாசம் வேண்டும். உணவு வந்ததும் அந்தச் சுரப்பிகள் விழித்து வேலையைத் தொடங்கும். அந்த நேரத்தில் மருந்து அங்கே இருந்தால்தான் அவற்றை அடைக்க முடியும். 6.30-க்குத் தண்ணீரோடு மாத்திரை, 7 மணிக்கு மேல் 7.30-க்குள் உணவு, அதோடோ அதற்குப் பிறகோ பழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த 30 முதல் 60 நிமிட இடைவெளியில் பழமும் உணவுதான். முழுப் பலன் தெரிய சில நாட்கள் ஆகும். முதல் நாளே எரிச்சல் நிற்கவில்லை என்று பழத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

மாத்திரை விழுங்கச் சிரமப்படுவோர் அதைப் பொடித்துப் பழக்கூழில் கலப்பதும் உண்டு. அப்படிச் செய்தால் மருந்து வீண். இந்த மருந்துகள் அமிலத்தில் சிதைந்துவிடும் என்பதால்தான் மேலே பூச்சு கொடுத்திருக்கிறார்கள். பொடித்தால் பூச்சு போய்விடும். சில ஒமிப்ரசோல் காப்ஸ்யூல்களை மட்டும் திறந்து, உள்ளே இருக்கும் சிறு மணிகளை ஒரு மேசைக்கரண்டி ஆறிய ஆப்பிள் மசியலில் தூவி, மெல்லாமல் உடனே விழுங்கி, மேலே தண்ணீர் குடிக்கலாம். ஆப்பிளின் லேசான புளிப்பு பூச்சைக் கரைக்காது, பால் கரைத்துவிடும். உங்கள் காப்ஸ்யூலைத் திறக்கலாமா என்று மருந்தாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வயிற்று அமிலத்தை முறிக்க அலுமினியம் ஹைட்ராக்சைடு உள்ள ஜெல் குடிப்பவர்கள் அதோடு ஆரஞ்சு ஜூஸோ எலுமிச்சைச் சாறோ சேர்க்கக் கூடாது. புளிப்புப் பழங்களிலுள்ள சிட்ரேட், சாதாரணமாக உடலில் அதிகம் சேராத அலுமினியத்தை ரத்தத்துக்குள் இழுத்துவிடும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இது உண்மையான ஆபத்து. வயிற்றுப் புண்ணுக்குத் தரும் சுக்ரால்ஃபேட் மருந்திலும் அலுமினியம் உண்டு. (நுரைத்துக் குடிக்கும் 'ஃப்ரூட் சால்ட்'டில் பெயரைத் தவிர ஃப்ரூட் எதுவும் கிடையாது. இருப்பது சோடியம் பைகார்பனேட்டும் சிட்ரிக் அமிலமும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அந்தச் சோடியத்தைக் கணக்கில் வைக்க வேண்டும்.)

கிரேப்ஃப்ரூட் என்றதும் திராட்சை என்று நினைத்துவிடாதீர்கள். அது எலுமிச்சை இனத்தைச் சேர்ந்த, ஆரஞ்சைவிடப் பெரிய, லேசாகக் கசக்கும் பழம். வயிற்று மாத்திரையோடு டாம்பெரிடோன் என்ற குமட்டல் மருந்தும் சேர்ந்த காப்ஸ்யூல் சாப்பிடுகிறவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும். டாம்பெரிடோனைச் சிதைக்கும் நொதியை இந்தப் பழம் முடக்குவதால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறி, இதயத் துடிப்பின் சீர் கெடலாம். அட்டையின் பின்பக்கத்தில் சேர்க்கைப் பொருட்களின் பெயர் இருக்கும், ஒருமுறை படித்துவிடுங்கள்.

சரி, ஆரஞ்சு? எல்லாருக்கும் தடை போடத் தேவையில்லை. பழத்தின் அமிலம் வயிற்று அமிலத்தைவிட வீரியம் குறைந்தது. ஏற்கெனவே புண்பட்டிருக்கும் உணவுக்குழாயில் படும்போதுதான் அது எரிகிறது. ஆகவே ஆரஞ்சு, அன்னாசி, எலுமிச்சை, தக்காளி ஆகியவற்றில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும், நாலைந்து சுளையோ துண்டோ, மதிய உணவுக்குப் பின் சாப்பிட்டுப் பாருங்கள். எரிந்தால் சில வாரம் விட்டு மறுபடி முயலலாம். ஜூஸாகக் குடிக்காதீர்கள்: ஒரு டம்ளரில் மூன்று நான்கு பழங்களின் அமிலம் ஒரே மடக்கில் இறங்கும். எந்தப் பழமானாலும் படுப்பதற்கு 3 மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள். நிறைந்த வயிற்றோடு சாய்ந்தால் வாழைப்பழமும் எதுக்களிக்கும்.

பழம் ஒத்துக்கொள்கிறது என்பதற்காக மாத்திரையைத் திடீரென நிறுத்துவதும் தவறு. பல வாரம் சாப்பிட்டு ஒரே நாளில் விட்டால் அமிலம் முன்பைவிட அதிகமாகச் சுரந்து எரிச்சல் திரும்பும்; மருத்துவர் சொல்லும் கணக்கில்தான் குறைக்க வேண்டும். இன்னொன்று: மென்மையான வாழைப்பழமே நெஞ்சில் அடைத்து நின்று இறங்குகிறது, மலம் கறுப்பாகப் போகிறது, எடை காரணமின்றிக் குறைகிறது என்றால், பழத்தை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் போங்கள்.