ஓ.டி. போட்டுப் போகிற நாள் வீணாகாமல் இருக்க: கணினி மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாட்டில் கணினி படிக்கிற ஒருவருக்கு வருடம் முழுக்க அழைப்புகள் வந்துகொண்டே இருக்கும். ஓ.டி. (ஆன் டியூட்டி: வகுப்பில் இல்லாவிட்டாலும் வந்ததாகக் கணக்கிடும் அனுமதி) போட்டுப் போவார்கள். துறையில் கெஸ்ட் லெக்சர், பக்கத்துக் கல்லூரியில் சிம்போசியம், வார இறுதியில் ஒர்க்‌ஷாப், அப்புறம் ஒரே மூச்சில் மென்பொருள் உருவாக்கும் போட்டியான ஹேக்கத்தான், கடைசி வருடம் நெருங்கும்போது கம்பெனிகளின் பிளேஸ்மென்ட் டாக். சென்னை ஐஐடியின் சாஸ்த்ரா, திருச்சி என்ஐடியின் பிரக்யான், கிண்டி பொறியியல் கல்லூரியின் குருக்ஷேத்ரா மாதிரி பெரிய விழாக்கள் தனி. இவற்றில் பலவற்றுக்குப் போய்வந்தும், நேர்காணலில் “அங்கே என்னப்பா செஞ்சே?” என்று கேட்டால் பதில் வராமல் தடுமாறும் பிள்ளைகள் நிறைய. அவர்களுக்கு அறிவு குறைவு என்று நான் நம்பவில்லை. இந்த நிகழ்ச்சிகளுக்கு எப்படிப் போக வேண்டும் என்று யாரும் அவர்களிடம் உட்கார்ந்து பேசியதில்லை, அவ்வளவுதான்.

பாடம் இன்று எங்கேயும் கிடைக்கிறது. ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-ல் தொடங்கிய என்பிடெல் என்ற இணையவழிப் பாடத் திட்டத்தில் ஆல்காரிதம் முதல் கம்பைலர் வரை முழுப் பாடங்களும் இலவசமாகக் கிடக்கின்றன. யூடியூபில் தமிழிலேயே பைத்தான் சொல்லித் தருகிறார்கள். ஆகவே ஒரு நாள் வகுப்பை விட்டுவிட்டு ஓர் அரங்குக்குப் போகிறோம் என்றால், அங்கே மட்டும் கிடைக்கிற ஒன்றுக்காகத்தான் போக வேண்டும். நாம் கற்க நினைக்கும் வேலையைத் தினமும் செய்கிற ஆள் நமக்கு எதிரில் நிற்கிறார். நாம் எழுதியதைப் பார்த்து “இங்கே தப்பு” என்று சொல்ல முடிகிறவர். கீழே வரும் தவறுகள் எல்லாமே அந்த வாய்ப்பைத் தவறவிடும் வழிகள்.

அழைப்பிதழைப் பார்க்காமல் பெயர் கொடுப்பது

சர்டிஃபிகேட் கிடைக்கும், ஓ.டி. கிடைக்கும், நண்பர்கள் எல்லோரும் போகிறார்கள். பெரும்பாலும் முடிவு இப்படித்தான் எடுக்கப்படுகிறது. கலந்துகொண்டதற்கான சான்றிதழை நேர்காணலில் யாரும் எடை போடுவதில்லை. ரெஸ்யூமேயில் பத்து ஒர்க்‌ஷாப் பெயர்கள் வரிசையாக இருந்தால், அதில் ஒன்றைப் பிடித்து ஆழமாகக் கேட்கத்தான் தோன்றும். அந்த ஒன்றுக்குப் பதில் தெரியாவிட்டால் மற்ற ஒன்பதின் மேலும் சந்தேகம் விழும்.

அழைப்பிதழில் பார்க்க வேண்டியவை சில உண்டு. பேசுகிறவர் இப்போது என்ன வேலை செய்கிறார்? நாம் கோடு (நிரல்) எழுதும் நேரம் எவ்வளவு? எத்தனை பேரைச் சேர்க்கிறார்கள்? சாயங்காலம் வெளியே வரும்போது நம் கையில் என்ன இருக்கும்? “ஏஐ, டேட்டா சயின்ஸ், பிளாக்செயின், கிளவுட், அனைத்தும் ஒரே நாளில்” என்று போட்டிருந்தால் நான் போக மாட்டேன். “ஜாங்கோவில் ஒரு சின்ன இணையச் செயலியை எழுதி, மாலைக்குள் சர்வரில் ஏற்றுவோம், 40 பேருக்கு மட்டும்” என்றிருந்தால் எவ்வளவு தூரமானாலும் பஸ் ஏறலாம்.

லேப்டாப்பை அங்கே போய்த்தான் திறப்பது

ஒர்க்‌ஷாப்களைக் கெடுப்பதில் இதற்கு நிகரான தவறு வேறில்லை. காலை பத்து மணிக்கு அறுபது பேர் ஒரே வைஃபையில் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவை இறக்க ஆரம்பிப்பார்கள். அதுவே ஒரு ஜிபிக்கு மேல். எமுலேட்டருக்கான (கணினித் திரையில் ஓடும் போலி போன்) கோப்புகள் அதற்கும் மேல். மதியச் சாப்பாடு வரை எல்லோர் திரையிலும் நீலக் கோடு நகர்ந்துகொண்டே இருக்கும். கல்லூரி நெட்வொர்க்கில் ப்ராக்ஸி (இணையத்துக்கும் நமக்கும் நடுவில் நிற்கும் சர்வர்) இருந்தால் இன்னும் மோசம். பைத்தான் தொகுப்புகளை நிறுவும் பிப் கட்டளை, வீட்டில் ஓடியது, அங்கே எரர் காட்டும். அது ப்ராக்ஸியால் வந்த எரர் என்று தெரியாமல் பைத்தானையே அழித்துவிட்டு மறுபடி போடுகிறவர்களும் உண்டு.

தேவையானவற்றை முந்தின இரவே நிறுவி, ஒரு ‘ஹலோ வேர்ல்ட்’ ஆவது ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். நிறுவியதோடு நிறுத்தினால் போதாது. செயலிகளைத் தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கர் நிறுவியிருக்கும், ஆனால் கணினியின் அடிப்படை அமைப்பான பயாஸில் அதற்கு வேண்டிய விர்ச்சுவலைசேஷன் அணைந்து கிடப்பதால் ஓடாது. விண்டோஸில் பைத்தான் இருக்கும், கட்டளைகளைக் கணினி தேடும் இடங்களின் பட்டியலான பாத்தில் சேர்ந்திருக்காது. இந்தச் சிக்கல்கள் ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். கிட்ஹப், கோலாப் மாதிரியானவற்றில் கணக்கு வேண்டுமென்றால் அதையும் முன்பே தொடங்கி, கடவுச்சொல் நினைவிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று எடுத்துப் போனால் பக்கத்தில் இருப்பவரும் வாழ்த்துவார்.

சொந்த லேப்டாப் இல்லாத மாணவர்கள் இன்னும் எவ்வளவோ பேர் இருக்கிறார்கள். அவர்கள் வெட்கப்பட்டுப் பின்வரிசையில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பது எனக்கு மனசு பொறுக்காத விஷயம். இரண்டு நாள் முன்பே அமைப்பாளரிடம் சொன்னால் பெரும்பாலும் லேபில் ஒரு கணினி ஒதுக்குவார்கள். முடியாவிட்டால் இன்னொருவரோடு சேர்ந்து உட்காருங்கள். ஆனால் பாதி நேரம் கீபோர்டு உங்கள் கையில் இருக்க வேண்டும் என்பதை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். கோடு எழுதுவது, நீச்சல் மாதிரி, கரையில் நின்று பார்த்து வருவதில்லை.

ஆங்கிலத்துக்குப் பயந்து கேள்வியை விழுங்குவது

பேச்சு முடிந்ததும் “எனி கொஸ்டின்ஸ்?” என்பார்கள். அரங்கம் கப்சிப். கேள்வி இல்லாததால் வரும் மௌனமாக அது எனக்குத் தெரியவில்லை. எழுந்து ஆங்கிலத்தில் பேசினால் இலக்கணம் தவறிவிடுமோ, நண்பர்கள் சிரிப்பார்களோ என்ற பயம்தான் அதிகம். தமிழில் கேளுங்கள். இங்கே வந்து பேசுகிறவர்களில் பெரும்பாலோருக்குத் தமிழ் புரியும். புரியாதவர் வந்தால் பக்கத்தில் இருக்கும் ஆசிரியர் சொல்லிவிடுவார். “மேடம், டேட்டாபேஸ்ல இண்டெக்ஸ் போட்டும் என் குவரி மெதுவாத்தான் ஓடுது, எங்கே பார்க்கணும்?” என்று தன் சொந்தச் சிக்கலைக் கேட்கிற மாணவியைப் பேச்சாளர் மறக்க மாட்டார்.

“சார், எந்த லாங்குவேஜ் படிச்சா வேலை கிடைக்கும்?” என்ற கேள்விக்கு யாராலும் உருப்படியான பதில் தர முடியாது. அதற்குப் பதிலாக, “உங்கள் குழுவில் புதிதாகச் சேருகிறவருக்கு முதல் மூன்று மாதம் என்ன வேலை கொடுப்பீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். என்ன படிக்க வேண்டும் என்பது அந்தப் பதிலிலிருந்தே தெரிந்துவிடும்.

ஹேக்கத்தானில் பெரிய கனவோடு இறங்குவது

ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான் 2017-லிருந்து நடக்கிறது. ஆறு பேர் அணி, அதில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும், முதலில் கல்லூரிக்குள் நடக்கும் சுற்றில் தேர்வாக வேண்டும். அதன் மென்பொருள் பிரிவின் இறுதிச் சுற்று 36 மணி நேரம். இவ்வளவு நேரத்தில் லாகின் பக்கம், அட்மின் பக்கம், மொபைல் செயலி, சாட்பாட் என்று எல்லாவற்றையும் தொட்டு எதையும் முடிக்காமல் விடுகிற அணிகள்தான் அதிகம். ஒரே ஒரு வேலையை முழுதாகச் செய்து, நடுவரின் கண்முன்னே ஓட்டிக் காட்டுங்கள். எல்லோர் கோடையும் ஒன்றுசேர்க்க உதவும் கிட் அணியில் இருவருக்காவது ஒழுங்காகத் தெரிந்திருக்கட்டும். விடியற்காலை மூன்று மணிக்கு மெர்ஜ் கான்ஃப்ளிக்ட் (இருவர் ஒரே வரியை மாற்றி மோதுவது) என்றால் என்ன என்று கற்றுக்கொள்ள முடியாது. இன்னொன்று: அணியில் இருக்கும் பெண்ணுக்குப் பிபிடி தயாரிக்கும் வேலையை மட்டும் தள்ளிவிடும் வழக்கம் ஒழிய வேண்டும்.

ஓப்பன் சோர்ஸ் (மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் மென்பொருள்) நிகழ்ச்சிகளிலும் எண்ணிக்கை மோகம் உண்டு. அக்டோபர் தோறும் நடக்கும் ஹேக்டோபர்ஃபெஸ்டில் 2020-ம் ஆண்டு, டி-ஷர்ட்டுக்காக ரீட்மீ கோப்பில் ஒரு வார்த்தையை மட்டும் மாற்றி அனுப்பும் புல் ரிக்வெஸ்ட்கள் (மாற்றத்தை ஏற்கச் சொல்லும் கோரிக்கைகள்) குவிந்தன. சம்பளமில்லாமல் அந்த மென்பொருள்களைப் பராமரிப்பவர்கள் அவதிப்பட்டார்கள். கடைசியில், பராமரிப்பவர் சம்மதித்த திட்டங்கள் மட்டுமே கணக்கில் வரும் என்று விதியையே மாற்ற வேண்டியதாயிற்று. நீங்கள் தினமும் பயன்படுத்தும் ஒரு மென்பொருளில் ஒரு சின்னப் பிழையைத் திருத்தி, அது ஏற்கப்பட்டால், அது ஒன்றே போதும்.

பிளேஸ்மென்ட் டாக்கில் சிடிசியை மட்டும் குறித்துக்கொள்வது

கம்பெனி மேடையில் சிடிசி (உங்களுக்காகக் கம்பெனி ஒரு வருடத்துக்குச் செய்யும் மொத்தச் செலவு) “ஆறு லட்சம்” என்றதும் கைதட்டல் எழும். மாதம் ஐம்பதாயிரம் என்று வீட்டுக்கு போன் போட்டும் சொல்லிவிடுவார்கள். சற்றுக் கணக்குப் போடுவோம். ஆறு லட்சத்தில் அடிப்படைச் சம்பளம் பாதி, அதாவது மாதம் 25,000 என்று வையுங்கள். அதில் 12 சதவீதம் கம்பெனி கட்டும் பி.எஃப்., வருடத்துக்கு 36,000. பணிக்கொடைக்கு 4.81 சதவீதம், சுமார் 14,400. ஆண்டு முடிவில் மதிப்பீட்டைப் பொறுத்துத் தரும் வேரியபிள் 60,000 என்று கொள்வோம். இந்த மூன்றும் சிடிசிக்குள் அடக்கம், ஆனால் மாதாமாதம் கைக்கு வராது. மீதியிலிருந்து உங்கள் பங்கு பி.எஃப். இன்னொரு 36,000 போகும், தொழில் வரியும் போகும். கடைசியில் கையில் வருவது மாதம் 37,500 பக்கம். சில கம்பெனிகள் பி.எஃப்.ஐ மாதம் 1,800 என்று நிறுத்திக்கொள்வதால் தொகை கொஞ்சம் மாறலாம். ஜாயினிங் போனஸையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் அது ஒரே ஒரு முறை வருவது.

ஆகவே கேட்க வேண்டியதைக் கேளுங்கள். நிலையான சம்பளம் எவ்வளவு, வேரியபிள் எவ்வளவு? பயிற்சிக் காலத்திலும் முழுச் சம்பளமா? பயிற்சி முடிவில் தேர்வு உண்டா, தேறாவிட்டால் என்ன ஆகும்? சர்வீஸ் அக்ரிமென்ட் எத்தனை வருடம், நடுவில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும்? தருவது ஆஃபர் லெட்டரா, வேலை தரும் எண்ணத்தை மட்டும் சொல்லும் லெட்டர் ஆஃப் இன்டென்ட்டா? சேரும் தேதி எப்போது? 2022-ல் படிப்பை முடித்தவர்களில் பலர் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருந்ததால், கடைசிக் கேள்வியை விட்டுவிடவே கூடாது. மேடையில் கேட்கத் தயக்கமாக இருந்தால் பிளேஸ்மென்ட் ஆபிசர் வழியாகக் கேளுங்கள். “ஒரு கம்பெனியில் தேர்வானால் அடுத்ததற்கு உட்காரக்கூடாது” என்ற விதி உங்கள் கல்லூரியில் இருந்தால், இந்தப் பதில்கள் கிடைத்த பிறகுதான் பெயர் கொடுக்க வேண்டும்.

தகுதி விதிகளைக் கடைசி வருடத்தில்தான் பார்ப்பதும் பரவலான தவறு. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு எல்லாவற்றிலும் 60 சதவீதம், நிலுவை அரியர் கூடாது என்பது பல பெரிய ஐடி நிறுவனங்களில் பழகிய நிபந்தனை. இரண்டாம் வருடத்திலேயே அது தெரிந்தால் ஓர் அரியரை நேரத்தோடு எழுதி முடிக்கலாம்.

பணம் கட்டி வேலை தேடுவது

பதிவுக் கட்டணமாகச் சில நூறு ரூபாய் வாங்கும் ஒர்க்‌ஷாப்பில் தவறில்லை, சாப்பாடும் பேச்சாளர் பயணச் செலவும் இருக்கிறது. வேலைக்கோ இன்டர்ன்ஷிப்புக்கோ பணம் கேட்டால் அங்கேயே நின்றுவிடுங்கள். “பாதுகாப்பு வைப்புத்தொகை”, “லேப்டாப் டெபாசிட்”, “டிரெய்னிங் ஃபீஸ்” எந்தப் பெயரில் கேட்டாலும் சரி. கம்பெனி பதிவானதா என்று கார்ப்பரேட் விவகார அமைச்சகத்தின் தளத்தில் பெயரைத் தேடிப் பார்க்கலாம். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அதை மீட்பது கடினமாகும். அப்பா திட்டுவார் என்று மறைத்து வைக்க வேண்டாம்.

வளாகத்துக்கு வெளியே பார்க்காதது

கல்லூரி ஏற்பாடு செய்தால்தான் கற்க முடியும் என்பதில்லை. சென்னையில் பைத்தான் பயனர்கள் மாதந்தோறும் கூடுகிறார்கள். லினக்ஸ் பயனர் குழு பல வருடமாக இயங்குகிறது. காஞ்சிபுரத்து லினக்ஸ் குழு தமிழிலேயே பேசுகிறது. விழுப்புரத்தில் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் கிராமத்து மாணவர்களுக்கு இலவசப் பயிற்சி தருகிறார்கள். இங்கே ஓ.டி. கிடையாது. ஆனால் நான்கு மாதம் தொடர்ந்து போனால் உங்கள் பெயர் தெரிந்த இருபது பொறியாளர்கள் இருப்பார்கள். ஐந்தாம் மாதம் பத்து நிமிடம் நீங்களே பேசலாம்.

நிகழ்ச்சி நடத்தும் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். குத்துவிளக்கு, வரவேற்புரை, வாழ்த்துரை, பொன்னாடை எல்லாம் முடிவதற்குள் பதினொன்றரை ஆகிவிடுகிறது. வெளியூரிலிருந்து வந்தவருக்கு மிஞ்சுவது நாற்பது நிமிடம். மரியாதையைப் பத்து நிமிடத்தில் முடித்து, மிச்ச நேரத்தை அவருக்குக் கொடுங்கள். நிறுவ வேண்டியவற்றின் பட்டியலை ஒரு வாரம் முன்பே அனுப்புங்கள். பெரிய கோப்புகளை நான்கைந்து பென் டிரைவில் ஏற்றி வைத்திருங்கள். நாற்காலி நிரப்புவதற்காக விருப்பமில்லாத முதலாம் ஆண்டு வகுப்பைக் கூட்டி வராதீர்கள். விரும்பி வந்த இருபத்தைந்து பேர் முன்வரிசையில் இருந்தாலே பேச்சாளர் வேறு மாதிரி பேசுவார்.