சோயா இல்லாத டோஃபு: கடலை மாவில் ஷான் முறையில் செய்வது எப்படி?

சோயா ஒத்துக்கொள்ளாத ஒருவர் பால், நெய், தயிர் எல்லாவற்றையும் விட்டு வீகனாகச் சாப்பிட முடிவெடுத்தால், திரும்பிய பக்கமெல்லாம் சோயாதான் நிற்கும். மீல் மேக்கர், டோஃபு, சோயா பால், சோயா சாஸ். சமையல் குறிப்புகளிலும் "பனீருக்குப் பதில் டோஃபு போடலாம்" என்பதோடு முடித்துவிடுகிறார்கள். அந்த டோஃபுவும் கூடாது என்றால் என்ன செய்வது?

மியான்மரின் ஷான் மாநிலத்தில் இதற்கு அருமையான பதில் இருக்கிறது. அங்கே டோஃபுவைக் கடலை மாவிலோ மஞ்சள் பட்டாணிப் பருப்பு மாவிலோ செய்கிறார்கள். சோயா துளியும் கிடையாது. இன்லே ஏரிப் பக்கத்துக் கடைகளில் இதை உறைவதற்கு முன்பே சூடாக, கெட்டிக் கூழ் பதத்தில் அரிசி நூடுல்ஸ் மேல் ஊற்றித் தருவார்கள். உறைந்ததை மெல்லிய துண்டுகளாக வெட்டி சாலட் செய்வார்கள். முக்கோணமாக வெட்டிப் பொரிப்பதும் உண்டு. நம் வீட்டு அடுப்படியில் எப்போதும் இருக்கும் மாவை வைத்தே இத்தனையும் செய்யலாம் என்பதால், சோயா இல்லாத சமையலைத் தொடங்குகிற யாருக்கும் நான் முதலில் கற்றுக்கொள்ளச் சொல்வது இதைத்தான்.

இது எப்படி உறைகிறது?

சோயா டோஃபு செய்ய சோயா பாலைத் திரிக்க வேண்டும். கால்சியம் சல்பேட் போன்ற உப்பு சேர்த்து, புரதம் திரண்டதும் துணியில் கட்டிப் பிழிந்து அழுத்தி வைப்பார்கள். கடலை மாவு டோஃபுவில் இந்த வேலை எதுவும் இல்லை. கடலையில் புரதத்தோடு மாவுச்சத்தும் நிறைய உண்டு. அது தண்ணீரோடு சேர்ந்து வெந்ததும் கெட்டிப்பட்டு, ஆறும்போது தானாகவே உறைந்துவிடும். கேழ்வரகுக் களி ஆறினால் கட்டியாகிறது இல்லையா, அதே சங்கதிதான். ஆகவே மாவு முழுதாக வேகும்வரை பொறுமையாகக் கிளற வேண்டும். இதில் கவனம் தேவைப்படுவது அந்த ஒரு இடத்தில்தான்.

தேவையானவை

கடலை மாவு 1 கப் (சுமார் 100 கிராம்)
தண்ணீர் 3 கப் (சாலட்டுக்கு) அல்லது 2½ கப் (பொரிக்க, குழம்பில் போட)
உப்பு ¾ டீஸ்பூன்
மஞ்சள்தூள் ¼ டீஸ்பூன்
தட்டில் தடவ எண்ணெய் கொஞ்சம்

மாவைப் பற்றி ஒரு வார்த்தை. பஜ்ஜி மாவு மிக்ஸ் வேண்டாம். அதில் அரிசி மாவு, சோடா, உப்பு எல்லாம் கலந்திருக்கும். பொட்டுக்கடலை மாவும் வேண்டாம். கடலைப்பருப்பை அரைத்த சாதாரண மாவுதான் சரி. மில்லில் கொடுத்து அரைப்பதாக இருந்தால், உங்களுக்கு முன்னால் என்ன அரைத்தார்கள் என்று கேளுங்கள். சத்துமாவுக்குச் சோயாவும் சேர்த்து அரைப்பது வழக்கம். இயந்திரத்தில் தங்கியிருக்கும் அந்த மாவு உங்கள் மாவில் கலந்துவிடும். கடுமையான ஒவ்வாமை உள்ளவர்கள் வீட்டு மிக்ஸியிலேயே அரைத்துச் சலித்துக்கொள்வது நல்லது.

செய்முறை

1. மாவைச் சலித்து, 1½ கப் குளிர்ந்த தண்ணீரில் கட்டியில்லாமல் கரையுங்கள். அரை மணி நேரம் ஊறட்டும். பிறகு வடிகட்டியில் ஒருமுறை ஊற்றி எடுத்தால் மிச்சமிருக்கும் சிறு கட்டிகளும் போய்விடும்.

2. அதற்குள் ஒரு தட்டு அல்லது சதுரப் பாத்திரத்தில் எண்ணெய் தடவித் தயாராக வையுங்கள். இதை முதலிலேயே செய்துவிட வேண்டும். அடுப்பிலிருந்து இறக்கிய கலவை காத்திருக்காது.

3. அடிகனமான பாத்திரத்தில் மீதித் தண்ணீரை உப்பு, மஞ்சள்தூள் சேர்த்துக் கொதிக்க விடுங்கள்.

4. தீயைக் குறைத்துவிட்டு, கரைத்த மாவை ஒரு முறை கலக்கி, ஒரு கையால் மெல்லிய தாரையாக ஊற்றிக்கொண்டே மறு கையால் விஸ்க் வைத்து விடாமல் கலக்குங்கள். மொத்தமாகக் கொட்டினால் கட்டி விழும்.

5. இரண்டு மூன்று நிமிடத்திலேயே கெட்டியாகிவிடும். ஆனால் இது இன்னும் வேகவில்லை! புதிதாகச் செய்பவர்கள் பலரும் இந்த நேரத்தில் இறக்கிவிடுவார்கள். அப்படி இறக்கினால் டோஃபு கசக்கும், வெட்டும்போது கொழகொழவென்று கத்தியில் ஒட்டும். மரக்கரண்டிக்கு மாறி, சிறு தீயில் இன்னும் 8 முதல் 10 நிமிடம் அடியிலிருந்து வழித்து வழித்துக் கிளறுங்கள்.

6. பதம் பார்ப்பது இப்படி: மேற்பரப்பு பளபளப்பாகும். குமிழ்கள் மெதுவாக எழும்பி உடையும். கரண்டியிலிருந்து விழுவது உடனே கலந்துவிடாமல் பட்டை பட்டையாக மேலே நிற்கும். கடைசியாக, துளி எடுத்து ஆறவைத்து வாயில் போட்டுப் பாருங்கள். பச்சை வாசனை துளிகூட இருக்கக் கூடாது. நான் கடிகாரத்தைவிட இந்தக் கடைசிச் சோதனையைத்தான் நம்புவேன்.

7. உடனே தட்டில் ஒரு அங்குல உயரத்துக்கு ஊற்றிச் சமப்படுத்துங்கள். சூட்டோடு மூடி போட வேண்டாம். மூடியில் சேரும் நீர் மேலே சொட்டும். ஒரு மணி நேரத்தில் உறைந்துவிடும். பொரிப்பதற்கானால் அதற்கப்புறம் இரண்டு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

முதலில் சாலட் செய்து பாருங்கள்

டோஃபுவின் உண்மையான ருசி தெரிய இதுதான் சிறந்த வழி. சென்னை பாரிமுனைப் பக்கம் அத்தோ சாப்பிட்டவர்களுக்கு இந்தச் சுவை புதிதல்ல. 1960களில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த அந்த உணவிலும் பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள்தான் ஆதாரம்.

நான்கு டேபிள்ஸ்பூன் கடலெண்ணெயில் மெல்லியதாக அரிந்த சின்ன வெங்காயம் பத்தையும் பூண்டு ஆறு பல்லையும் சிறு தீயில் பொன்னிறமாக வறுத்து எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெயைக் கொட்டிவிட வேண்டாம், வாசனை முழுக்க அதில்தான் இருக்கிறது. டோஃபுவை விரல் நீளத்துக்கு மெல்லிய பட்டைகளாக வெட்டி, அந்த எண்ணெயில் இரண்டு ஸ்பூன், கெட்டிப் புளிக்கரைசல் ஒரு டேபிள்ஸ்பூன், உப்பு, இடித்த வரமிளகாய், வறுத்து இடித்த வேர்க்கடலை இரண்டு டேபிள்ஸ்பூன், வறுத்த எள், கொத்தமல்லித்தழை எல்லாம் சேர்த்துக் கையால் மென்மையாகப் பிசறுங்கள். பொரித்த வெங்காயமும் பூண்டும் கடைசியில் மேலே. மியான்மரில் இதற்குச் சோயா சாஸோ மீன் சாஸோ ஊற்றுவதுண்டு. நமக்குப் புளியும் உப்புமே தாராளம்.

வேர்க்கடலையும் எள்ளும் வெறும் அலங்காரம் இல்லை. 100 கிராம் கடலை மாவில் ஏறக்குறைய 22 கிராம் புரதம் உண்டு என்றாலும், அது இத்தனை தண்ணீரோடு சேர்ந்து ஒரு முழுத் தட்டுக்குப் பரவிவிடுகிறது. அதே எடை சோயா டோஃபுவோடு ஒப்பிட்டால் இதில் புரதம் குறைவுதான். அதனால் இதை மட்டும் நம்பாமல் வேர்க்கடலை, எள், பக்கத்தில் ஒரு பருப்பு அல்லது சுண்டல் என்று சேர்த்துச் சாப்பிடுங்கள்.

பொரிக்க

துண்டுகளை முக்கோணமாக வெட்டி, துணியால் ஒற்றி ஈரத்தை எடுங்கள். இதைச் செய்யாவிட்டால் எண்ணெய் தெறிக்கும். நன்றாகக் காய்ந்த எண்ணெயில் நான்கைந்தாகப் போடுங்கள், போட்டதும் கிளறாதீர்கள். மேலே மொறுமொறுவென்று தோல் கட்டிய பிறகு திருப்பலாம். உள்ளே வெண்ணெய் போல இளகி இருக்கும். புளி, பூண்டு, பச்சை மிளகாய் அரைத்த காரச் சட்னியோடு சூடாகச் சாப்பிட வேண்டும்.

குருமாவிலோ பட்டாணி மசாலாவிலோ பனீருக்குப் பதிலாகப் போடவும் இந்தப் பொரித்த துண்டுகளே ஏற்றவை. தயிருக்குப் பதில் தேங்காய்ப்பால் சேர்த்தால் வீகன் குருமா தயார். அடுப்பை அணைத்த பிறகு துண்டுகளைப் போட்டு மூடிவையுங்கள். குழம்போடு சேர்த்துக் கொதிக்க விட்டால் கரைந்துவிடும்.

சோயா சாஸுக்குப் பதில்

மஞ்சூரியன், ஃபிரைடு ரைஸ் கேட்கிற பிள்ளைகளுக்கு இது உதவும். நான்கு உலர்ந்த காளானை அரை கப் வெந்நீரில் ஊறவைத்து, அந்த நீரை வடித்து, ஒரு டீஸ்பூன் புளிக்கரைசல், ஒரு டீஸ்பூன் கருப்பட்டித்தூள், அரை டீஸ்பூன் உப்பு, கொஞ்சம் மிளகுத்தூள் போட்டுப் பாதியாக வற்றவிடுங்கள். காளான் நீர் ருசியைக் கொடுக்கும், கருப்பட்டி நிறத்தைக் கொடுக்கும். சோயா சாஸின் அச்சு அசலாக வராது. ஆனால் பொரித்த டோஃபுவோடும் குடைமிளகாயோடும் பிரமாதமாகச் சேரும்.

கடையில் வாங்கும்போது

நம் வீட்டு இட்லி, சாம்பார், கூட்டு, பொரியலில் சோயா கிடையாது. வாங்கும் பொருள்களில்தான் ஒளிந்திருக்கும். ரொட்டி, மல்டிகிரெய்ன் ஆட்டா, பிஸ்கட், சாக்லேட், கலப்பு எண்ணெய் ஆகியவற்றை வாங்கும்போது பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படியுங்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிகளின்படி, பொட்டலத்தில் அடைத்த உணவில் சோயா இருந்தால் ஒவ்வாமை எச்சரிக்கையில் அதைக் குறிப்பிட வேண்டும். 322 என்ற எண் லெசித்தினைக் குறிக்கும்; அது பெரும்பாலும் சோயாவிலிருந்து எடுப்பது. இன்னொன்று, கடலையும் வேர்க்கடலையும் சோயாவைப் போலவே பயறு வகைதான். சோயா தவிர வேறு பயறும் உங்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டு என்றால், மருத்துவரைக் கேட்காமல் இந்தக் குறிப்பை முயல வேண்டாம்.

செய்த டோஃபுவை மூடிய டப்பாவில் ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் வரை நன்றாக இருக்கும். அடியில் கொஞ்சம் தண்ணீர் விட்டிருந்தால் வடித்துவிடுங்கள், அது இயல்புதான். ஃப்ரீசரில் மட்டும் வைக்காதீர்கள். உருகும்போது நீர் பிரிந்து பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும்.