கடை ஓடுகிற நாளில் கர்த்தருக்கு என்ன செய்வது?

தூத்துக்குடியில் சின்னதாக ஒரு பேக்கரி வைத்திருக்கிறேன். மக்ரூன்தான் எங்கள் பிழைப்பு. முந்திரிப் பருப்பு, சீனி, முட்டை வெள்ளைக்கரு, சரக்கு இவ்வளவுதான். ஆனால் கரு நன்றாக நுரைத்து எழும்ப வேண்டும். ஈரக் காற்று பட்டால் பதம் போய்விடும். நான்கு வருடத்துக்கு முன் இரண்டாவது கடை திறந்தேன். அந்த ஞாயிறு சபையில் சாட்சி சொல்ல, அதாவது கர்த்தர் செய்த நன்மையை எல்லோர் முன்னும் சொல்ல எழுந்தவன், பன்னிரண்டு நிமிடம் பேசினேன். "கர்த்தர் உயர்த்தினார்" என்று இரண்டு முறை சொன்னேனாம். புதுக் கடை எந்தத் தெருவில் என்று மூன்று முறை. எண்ணிக்கொண்டிருந்தது என் மனைவி.

அதனால் முதலில் சாட்சியைச் சரிசெய்யுங்கள். கடை திறந்தாலும், வேலை உயர்வு வந்தாலும், பிள்ளை நல்ல மார்க் வாங்கினாலும், இரண்டு நிமிடத்துக்குள் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். கடைப் பெயர், சம்பளம், மார்க் எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள். பார்வோன் கனவுக்கு அர்த்தம் கேட்டபோது யோசேப்பு "நான் அல்ல" என்றுதான் வாயைத் திறந்தான் (ஆதியாகமம் 41:16). அன்றைக்குத்தான் சிறையிலிருந்து வெளியே வந்தவன். தன்னைக் காட்டிக்கொள்ள அதைவிட நல்ல சமயம் யாருக்குக் கிடைக்கும்?

அடுத்தது கொஞ்சம் கசக்கும். அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஆலயத்துக்கு ஸ்பீக்கர் செட் வாங்கிக் கொடுத்தேன். 'உபயம்' என்று என் பெயரும் அதில் உண்டு. அதே மாதம் மாஸ்டருக்கும் இரண்டு பையன்களுக்கும் தர வேண்டிய போனஸை "பொங்கலுக்குள் பார்க்கலாம்ப்பா" என்று தள்ளிவிட்டேன். மாஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து வீட்டு ஜெபத்தில் உபாகமம் 8:17 வந்தது. "என் சாமர்த்தியமும் என் கைப்பெலனும்" என்ற இடத்தில் வாசிப்பு நின்றுவிட்டது. என் கையா? விடியற்காலை மூன்று மணிக்கு முட்டை அடிப்பது மாஸ்டர் கை. நான் எழுந்து வருவதே ஏழு மணிக்கு.

ஆகவே கூலி முதலில், காணிக்கை அப்புறம். பிடித்துவைத்த கூலி கூக்குரலிடும் என்று யாக்கோபு 5:4-இல் இருக்கிறது. வருகிறதில் முதல் பங்கு, அதாவது முதற்பலன், கர்த்தருக்கு அல்லவா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். சரிதான், ஆனால் சம்பளம் என் பணமே இல்லையே. அடுத்தவர் பணத்திலிருந்து எப்படி முதற்பலன் எடுப்பது?

முதற்பலனை எங்கள் பாட்டியிடம்தான் கற்றேன். உலைக்கு அரிசி அளந்ததும் ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவாள். பிடியரிசிக் காணிக்கை. மிச்சம் இருந்தால் கொடுப்போம் என்கிற பேச்சே கிடையாது. எங்கள் வீட்டில் மிச்சம் இருந்ததும் இல்லை. 1903-இல் நெல்லைச் சபையார் சொந்தக் காசில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கித் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்கு ஊழியரை அனுப்பினார்கள் என்றால், அவர்களும் பெரிய பணக்காரர்கள் அல்ல. பாட்டியைப் பார்த்து நானும் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பிஸ்கட் டின் வைத்திருக்கிறேன். காலையில் முதல் வியாபாரம் எவ்வளவோ, பத்து ரூபாயோ ஆயிரமோ, அது டின்னுக்கு. பத்தில் ஒன்றாகிய தசமபாகம் தனி. அதை விற்பனையில் கணக்கிடுவதா லாபத்திலா என்று கேட்பார்கள். நான் லாபத்தில் கொடுக்கிறேன். விற்பனையில் பத்தில் ஒன்றை எடுத்தால் முந்திரிக்காரருக்குக் கடன் சொல்ல வேண்டிவரும்.

டின் பணம் எங்கே போகிறது என்று யாரிடமும் சொல்வதில்லை. இங்கேயும் சொல்லப்போவதில்லை.

இன்னொன்று. உடைந்த மக்ரூனை விடுதிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு அதைத் தர்மக் கணக்கில் எழுதாதீர்கள். கொடுப்பது நல்லதுதான், பிள்ளைகளும் சந்தோஷமாகச் சாப்பிடுவார்கள். ஆனால் ஊனமான ஆட்டைப் பலியிட்டவர்களிடம், அதை உன் அதிபதிக்குக் கொண்டுபோய்க் கொடு பார்க்கலாம் என்று மல்கியா கேட்கிறார் (1:8). நான் வருடத்தில் இரண்டு நாள், முதல் தட்டில் வருகிற முழு மக்ரூனை, கடையில் விற்கிற அதே டப்பாவில் போட்டு அனுப்புகிறேன்.

கடைசியாக அறுப்பின் பண்டிகை ஏலம், காணிக்கையாக வந்த காய் கனிகளை ஆலயத்தில் ஏலம் விடுவது. நம் பக்கத்தில் ஒரு தேங்காய்கூட ஆயிரக்கணக்கில் போகும். பணம் ஆலயத்துக்குத்தான், கேட்பதில் தப்பில்லை. எதிர்த்த கடைக்காரர் ஏற்றுகிறார் என்று நாமும் ஏற்றும்போதுதான் வம்பு. வீட்டிலேயே ஒரு தொகை முடிவுசெய்து மனைவியிடம் சொல்லிவிட்டுப் போகிறேன். பெண்கள் பக்கத்திலிருந்து அவள் இருமினால் வாயை மூடிவிட வேண்டும் என்று ஏற்பாடு. போன வருடம் ஒரு பூசணிக்காயை அப்படித்தான் விட்டேன். நல்ல காய், இன்னும் கொஞ்சம் வருத்தம் இருக்கிறது.